இல்லாத மாட்டுக்குத் தவணை

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுவிழாவில் பொருளாளர் பேசியது)

எனக்கு மேடைப் பேச்சு வராது. நோட்டுல வரவு செலவு எழுதுறதுதான் என் வேலை. அதனால ஒரு கணக்குல இருந்தே தொடங்குறேன்.

நம்ம குழு அக்கா ஒருத்தர் மாட்டுக் கடன் வாங்கினாங்க. சிந்து மாடு, ரெண்டாவது ஈத்து. சொசைட்டிக்குக் காலையில ஆறு லிட்டர், சாயங்காலம் நாலு லிட்டர் ஊத்தினாங்க. தவணை ஒரு மாசம்கூடத் தவறினதில்லை. போன ஆண்டுவிழா முடிஞ்ச மூணாவது மாசம் மாடு தீனி எடுக்கலை, அசை போடலை, வயிறு ஊதிப்போச்சு. டாக்டர் வந்து பார்த்தும் பிழைக்கலை. அறுத்துப் பார்த்தா வயித்துக்குள்ள ஒரு கூடை பாலிதீன் பை.

மாடு ஏனுங்க பையைத் திங்குது? பைக்குள்ள நாம கட்டிப்போட்ட சோத்துக்கும் தயிருக்கும்தான் வருது. கையில்லாத சீவன் முடிச்சையா அவுக்கும்? பையோட சேர்த்து முழுங்கிடுது. பாலிதீன் செரிக்காது. சாணியிலயும் வெளியே வராம முதல் வயித்துலயே தங்கி, கயிறாட்டம் முறுக்கிக்கும். சேரச்சேரத் தீனிக்கு இடமில்லாம போயிடும்.

அத்தனை பையும் நம்ம விழாப் பைதான்னு சொல்ல வரலை. ஆனா சாப்பாட்டுக் குப்பையை மூட்டை கட்டிப் பள்ளத்தோரம் போட்டோம். அதுல ஒரு மூட்டை நான் தூக்கினது. அந்தப் பள்ளத்துலதான் மாடு மேயும். காப்பீட்டை வேற புதுப்பிக்காம விட்டுட்டாங்க. இன்னைக்கும் அந்தக்கா இல்லாத மாட்டுக்கு மாசாமாசம் தவணை கட்டுறாங்க. நான் வாங்கி ரசீது போடுறேன். ரசீது போடுற கை கூசுதுங்க.

“நாம போட்டது பேப்பர் கப்தானுங்களே, அது மக்கிடுமே”ன்னு சிலர் கேட்டாங்க. கப்புக்கு உள்பக்கம் நகத்தால சுரண்டிப் பாருங்க, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தோல் வரும். அது இல்லைன்னா சூடான டீ நிக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல தடை செஞ்ச 14 வகைப் பொருள்ல இந்தப் பூச்சு போட்ட கப்பும் தட்டும் சேர்த்திதான். 2021 டிசம்பர்ல ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்துச்சு, நாமளும் பை வாங்கினோம். எங்க வீட்டு மஞ்சப்பை ஆணியில தொங்குது, கடைக்கு நான் மட்டும்தான் போறேன்.

கோயமுத்தூர்ல இருந்து போற குப்பை வெள்ளலூர்ல என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல. 2024 ஏப்ரல்ல தீப்பிடிச்சு நாள்கணக்கா எரிஞ்சுது. சோத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒண்ணாக் கொட்டினா உள்ளுக்குள்ள மக்கி வாயு உண்டாகும். வெயில் காலத்துல ஒரு பொறி விழுந்தாப் போதும். பொடக்காளியில ஒரு குழி வெட்டி, சமையல் கழிவை மட்டும் போட்டு மண்ணைத் தூவிக்கிட்டே வந்தா, நம்ம வீட்டுக் குப்பையில பாதி வாசலைத் தாண்டாது. நம்ம அமுச்சிமாரு இதைத்தான் செஞ்சாங்க, பேரு ஒண்ணும் வைக்கலை.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மதியம் ஒரு தீர்மானம் வருது. கூட்டமைப்பு நிதியில கடன் எடுத்து 300 எவர்சில்வர் வட்டல், 300 டம்ளர் வாங்கி, ஊர்ல விசேசங்களுக்கு வாடகைக்கு விடுறது. முகூர்த்த நாள்ல வாழையிலை விலை கேட்டாலே தலை சுத்துது, அதனாலதான் ஜனம் பேப்பர் தட்டுக்குப் போகுது. கமிட்டியில ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. “கடன் அடையுமா? யாரு கழுவுறது? தண்ணிக்கு எங்க போறது?” மூணும் நியாயமான கேள்விங்க.

முதல் கேள்விக்கு நம்ம மாவட்டத்துலயே பதில் இருக்கு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிதண்ணி மோட்டாருக்கும் கரண்டு பில் கட்டி முடியலை. சண்முகம்ங்கிறவர் தலைவரா இருந்தப்ப, முதல்ல சின்னதா, விறகுக் கழிவுல வாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தாங்க. அப்புறம் 2006ல 350 கிலோவாட் காத்தாலை ஒண்ணை ஊராட்சியே வாங்குச்சு. விலை சுமார் 1.55 கோடி. கையில சேர்த்து வெச்சிருந்தது 40 லட்சம், மிச்சம் பேங்க் கடன். காத்தாலை நின்னது ஓடந்துறையில இல்லை, உடுமலைப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக்காத்து அங்கதானே அடிக்குது! ஊர் தேவைக்குப் போக மிச்ச கரண்டை வாரியத்துக்கு வித்தாங்க. அந்த வருமானத்துலயே கடனையும் அடைச்சாங்க.

சேமிச்சு, கடன் வாங்கி, தவணை கட்டுறது நமக்குப் புதுசா? அவங்க கோடியில செஞ்சாங்க, நாம கேக்கறது வட்டலும் டம்ளரும்.

கழுவுறது கஷ்டம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் வாடகையிலயே கழுவுற கூலியையும் சேர்த்திருக்கோம். குழுவுல வேலை வேணும்னு கேக்கறவங்களுக்கு முறை வெச்சுக் கொடுக்கலாம். சும்மா செய்யச் சொன்னா ரெண்டு மாசத்துல வட்டல் மூட்டையில தூங்கும். தண்ணிக்கு: ஓடுற குழாய்ல கழுவக் கூடாது, மூணு தொட்டி வெச்சு வரிசையா முக்கி எடுக்கணும். முதல் தொட்டியில சீயக்காய்த்தூள். அழுக்குத் தண்ணி சமுதாயக்கூடத்துக்குப் பின்னால இருக்கற வாழைக்குப் போகட்டும்.

வேணாம்னு நினைக்கறவங்க மதியம் எந்திரிச்சுச் சொல்லுங்க, மனசுல வெச்சுக்கிட்டுப் போகாதீங்க. தீர்மானம் தோத்துச்சுன்னாலும் நோட்டுல அப்படியே எழுதறேன்.

இன்னைக்குச் சாப்பாட்டுக்கு வட்டல் டவுன்ல வாடகைக்கு எடுத்தது. வேப்பமரத்தடியில மூணு தொட்டி வெச்சிருக்குது. மிச்சச் சோத்தைப் பக்கத்துல இருக்கற குண்டாவுல போட்டுட்டு, அவங்கவங்க வட்டலை அவங்கவங்க கழுவி அடுக்குங்க. எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கணும், மொத்தம் 220.