பாட்டும் முகமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருவண்ணாமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. இத்தகைய நாளில் வாழ்த்திவிட்டு அமர்வதே மரபு. ஆனால், ‘வெகுமக்கள் இசையும் ரசிக மனமும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கவிதை பேசும் அவையில் ராப் பாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். ஒரு பாட்டு யாருடையது, அதற்கு யாருடைய முகம் ஒட்டப்படுகிறது என்னும் கேள்வி பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் உரிய கேள்வி. ஆகவே தயங்காமல் தொடங்குகிறேன்.

2021 மார்ச் 7ஆம் நாள் ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாடல் இணையத்தில் வெளியாயிற்று. ஏ. ஆர். ரகுமான் ஆதரவுடன் தோன்றிய மாஜா என்னும் தளம் அதனை வெளியிட்டது. பாடியவர்கள் தீ, அறிவு ஆகிய இருவர். இசை சந்தோஷ் நாராயணன். சொற்கள் அறிவினுடையவை. திரைப்படம் எதையும் சாராத ஒரு தமிழ்ப் பாடல் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டு, தமிழறியாத நாடுகளிலும் ஆடப்பட்டது.

அறிவு அரக்கோணத்துக்காரர். 1989இல் பிரிக்கப்படும் முன் திருவண்ணாமலையும் அரக்கோணமும் ஒரே வடஆர்க்காடு மாவட்டம். ஆகையால் அவர் நமக்கு அயலவர் அல்லர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களுக்கு இரு கரையிலும் நிலமில்லை. அந்தத் துயரம் வள்ளியம்மாளின் வாய்மொழியாகப் பேரனுக்கு வந்தது; ஒப்பாரியும் தாலாட்டும் கலந்த நடையில் பாட்டாயிற்று. பண்ணையாரைக் கும்பிட்டு அழைத்த ‘என் சாமி’ என்னும் சொல்லே, பேரனைக் கொஞ்சும் பாட்டியின் வாயில் அன்புச் சொல்லாகவும் வழங்குவதை அவர் பயன்படுத்திக்கொண்டார். காட்சிப் படத்தில் வள்ளியம்மாளே தோன்றுகிறார்.

அடுத்து நடந்தது நீங்கள் அறிந்ததே. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ் இந்தப் பாடலையும் ‘நீயே ஒளி’ என்னும் பாடலையும் கொண்டாடி அட்டைப்படம் வெளியிட்டது. அட்டையில் தீயும் கனடாத் தமிழர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர். இரண்டு பாடல்களிலும் தம் சொற்களைத் தந்த அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். மீண்டும் ஒருமுறை அறிவு மறைக்கப்பட்டார் என்றார். பாடலை டி. ஜே. ஸ்னேக் மறு ஆக்கம் செய்தபோது நியூயார்க் நகரில் வைக்கப்பட்ட விளம்பரப் பலகையிலும் அறிவின் முகம் இல்லை. 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அதனைப் பாடினர். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாளில் அவர், பாடலை அமைத்ததும் எழுதியதும் பாடியதும் தாமே என்றும், மெட்டோ ஒரு சொல்லோகூடப் பிறர் தந்ததில்லை என்றும் எழுதினார். சந்தோஷ் நாராயணன், அது கூட்டு ஆக்கம் என்றும், உரிமையும் வருவாயும் மூவர்க்கும் சமம் என்றும் மறுமொழி தந்தார். 2024 மார்ச்சில் அவரே, இப்பாடலால் தங்களுக்கு இதுவரை ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சொன்னதோடு கதை வேறொரு திருப்பம் கொண்டது.

மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல இம்மேடை நீதிமன்றமன்று. ஒலிப்பதிவு அறையில் ஒரு பாடல் பலர் கையால் உருவாவது உண்மை. ஆனால் அட்டைப்படத்தைப் பற்றி எந்த ஐயமும் இல்லை. நிலமிழந்தவர்களின் பாட்டு உலகெங்கும் சென்றது. அந்த நிலமிழந்தவர்களின் பேரன் படத்தில் இல்லை. இது திட்டமிட்ட வஞ்சமா, வணிகப் பழக்கமா என்பதைவிட, அதைப் பார்த்தவர் பலருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை என்பதே என் கவலை.

இத்தகைய வாதங்களில் இருவகை விடைகள் உடனே எழுகின்றன. ஒன்று, பிறர் பண்பாட்டிலிருந்து எடுப்பதெல்லாம் திருட்டு என்பது. மற்றது, கலை காற்றைப் போன்றது, அதற்கு உரிமையாளர் இல்லை என்பது. இரண்டையும் நம் மரபு ஏற்காது.

திருவெம்பாவையும் திருவம்மானையும் மாணிக்கவாசகர் இந்த அண்ணாமலையில் அருளியவை என்பது மரபு. பாவை, கன்னிப் பெண்களின் நோன்பு. அம்மானை, பெண்கள் காய்களை வீசிப் பிடித்தபடி பாடும் ஆட்டம். பொற்சுண்ணம் இடிக்கும்போது பாடுவது. பொன்னூசல் ஊஞ்சலில் பாடுவது. முற்றத்துப் பெண்களின் பாட்டு வகைகளை எடுத்துத்தான் அமைச்சராயிருந்த அந்தப் பெரும்புலவர் இறைவனைப் பாடினார். அவருக்கு முன்பே இளங்கோவடிகள் ஆய்ச்சியரிடமிருந்து குரவையையும், வேட்டுவரிடமிருந்தும் நெய்தல் நிலத்திலிருந்தும் வரிப்பாட்டையும் எடுத்திருக்கிறார். எடுப்பதே குற்றமென்றால் தமிழில் பாதி இலக்கியம் இராது. ஆனால் நோக்குங்கள்: அவர்கள் எடுத்த இடத்தின் பெயரை அழிக்கவில்லை. ஆய்ச்சியர் குரவை இன்றும் ஆய்ச்சியர் குரவையே, அம்மானை அம்மானையே. பாடிய பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பது குறைதான். எனினும் எடுத்த பாட்டு மீண்டும் பெண்களிடமே சென்றது. மார்கழி தோறும் அவர்கள் அதைப் பாடுகிறார்கள். எடுத்தவர் திருப்பித் தந்தார்.

திருப்பித் தராத கதையும் நம்மிடம் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரம் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத அந்தண நிலக்கிழாரைப் படைத்து, பண்ணையாளின் ஏக்கத்தை நொண்டிச் சிந்து முதலிய எளிய வடிவங்களில் வைத்தார். அவர் உள்ளம் பெரிது, ஐயமில்லை. ஆயினும், நந்தனாருக்காகக் கண்ணீர் வடித்த அவைகளில் நந்தனாரின் சுற்றத்தாருக்கு இருக்கை இல்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் வர 1947 ஆயிற்று. சட்டம் வந்தும் என்ன? நம் மாவட்டத்தின் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காவலர் துணையோடு நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் நாள். பாட்டு உள்ளே போய்விடுகிறது. பாட்டுக்குரிய மனிதர் வாசலில் நிற்கிறார். அட்டைப்படத்தைக் கண்டு சிலர் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பது, இந்த வாசலில் நின்றவர்களுக்கு விளங்கும்.

கலைக்கு உரிமையாளர் இல்லை என்போர்க்கு ஒரு தென்னாப்பிரிக்கக் கதையைச் சொல்ல வேண்டும். 1939இல் சாலமன் லிண்டா என்னும் சூலு இனப் பாடகர் ஜோகன்னஸ்பர்க் நகரில் ‘இம்பூபே’ என்றொரு பாடலைப் பதிவு செய்தார். சிங்கம் என்பது அதன் பொருள். அதற்கான உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் அது சொல் மாறி, பெயர் மாறி 1961இல் பெரும்புகழ் பெற்றது. 1994இல் டிஸ்னியின் ‘சிங்கராஜா’ படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962இல் வறியவராகவே இறந்தார். அவர் மக்களுக்கு ஓர் உடன்பாட்டின்வழி உரிமைத்தொகை கிடைக்கத் தொடங்கியது 2006இல். உரிமையாளர் இல்லை என்ற பேச்சு யாருடைய பெட்டியை நிரப்பிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். இந்தியாவிலும் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் விட்டுக்கொடுக்க இயலாத உரிமைத்தொகையை வழங்கியது. ஆனால் அது பெயருள்ளவர்களுக்கான சட்டம். ஒப்பாரி வைத்த கிழவியைச் சட்டம் அறியாது.

இனி ரசிகரிடம் வருவோம். தியாகராஜ பாகவதர் காலந்தொட்டு நாம் குரலை முகத்தோடு சேர்த்தே நேசித்திருக்கிறோம். எம்.ஜி.ஆர்., சிவாஜி மன்றங்கள் அந்த நேசத்தை அமைப்பாக்கின. அதில் இழிவு ஒன்றும் இல்லை. தனிமையில் வாடும் எளிய இளைஞனுக்கு மன்றம் ஒரு வீடாக இருந்தது. ஆனால் மன்றத்தின் அறம் ஒன்றே: நம்மவர் தோற்கக் கூடாது. 2017 மார்ச்சில், தம் பாடல்களை இசைவின்றி மேடையில் பாடக் கூடாதென்று இளையராஜா எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பியபோது என்ன நடந்தது? பாடியவனின் உரிமை எது, இசையமைத்தவனின் உரிமை எது என்று தமிழுலகம் ஆழ்ந்து பேசியிருக்கலாம். நாமோ ராஜா பக்கமா, பாலு பக்கமா என்று பிரிந்து நின்றோம். அறிவு விவகாரத்திலும் அதுவே நேர்ந்தது. யார் என்ன செய்தார் என்ற கேள்வி தேய்ந்து, நீ யார் ஆள் என்ற கேள்வி வளர்ந்தது. தீயோ மாரியம்மாளோ இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் அல்லர் என்பதைக்கூட எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லை. ரசிகப் பற்று முகத்துக்குக் காவல் நிற்கிறது. ஒருபோதும் முகம் பெறாதவர்களுக்கு அதனிடம் இடமில்லை. வள்ளியம்மாளுக்கு மன்றம் கிடையாது.

கவிஞர்களாகிய நாம் இதைத் திரையுலகின் நோய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். புத்தக வெளியீட்டுக்குக் கூடும் கூட்டத்திலும் மன்றத்தின் சாயல் உண்டு. அதைவிட முக்கியமானது வேறொன்று. நம் கவிதைகளில் செங்கத்து ஒப்பாரியின் இழுப்பு இருக்கிறது. போளூர், வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்தின் விருத்தம் இருக்கிறது. நடவுப் பெண்களின் குலவை இருக்கிறது. இவை நம் கவிதைக்கு உயிர் தருகின்றன. இவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. கைவிட்டால் நாம் வறண்டுபோவோம். யாரிடமிருந்து பெற்றோம் என்று சொல்ல வேண்டும் என்கிறேன்.

சொல்வதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைப் பிரித்துப் பாருங்கள். பாடல்களின் அடியில் சிறு எழுத்தில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்று குறித்திருப்பார். போத்தையா, கார்க்கி முதலியோர் ஊர் ஊராய் நடந்து திரட்டியவற்றைத் தொகுப்பாசிரியர் தம் பெயருக்குள் கரைத்துக்கொள்ளவில்லை.

இன்னும் பின்னே செல்லுங்கள். குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவர்களுக்குச் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்று அவர்கள் பாட்டின் சொல்லையே பெயராகக் கொடுத்தனர் முன்னோர். பெயர் தெரியவில்லையே என்று வெற்றிடமாக விட மனம் வராமல், பாட்டிலிருந்தே ஒரு பெயரை எடுத்து அவர்கள் தலைமேல் வைத்தார்கள். ஈராயிரம் ஆண்டு கழித்தும் அந்த மனிதர் நமக்கு யாரோ அல்லர். முகமே இல்லாதவரைப் பெயரால் காப்பாற்றிய மரபு இது.

ஆகவே இந்தப் பத்தாம் ஆண்டில் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து அமர்கிறேன். இனி நம் கூட்டங்களில் வாசிக்கப்படும், நம் வெளியீடுகளில் அச்சேறும் எந்தக் கவிதையாயினும், அது ஒரு வாய்மொழிப் பாட்டிலிருந்து மெட்டையோ சொல்லையோ பெற்றிருந்தால், அடியில் மூன்று வரி இடுவோம்: பாடியவர், ஊர், கேட்ட ஆண்டு. தம் பெயர் வெளியாவதை விரும்பாதவரிடம் கேட்டறிந்து ஊரை மட்டும் குறிப்போம். அச்சான நூலின் ஒரு படியை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, அவருக்குப் படித்தும் காட்டுவோம். நூல் விற்றுப் பணம் வருமாயின் அதில் அவர்க்கும் பங்குண்டு என்பதை வட்டத்தின் விதியாகவே எழுதிவைப்போம்.

பெரிய நிறுவனங்களைத் திருத்தும் வல்லமை நமக்கு இல்லாதிருக்கலாம். நம் பக்கத்தின் அடியில் மூன்று வரிக்கு இடம் விடும் வல்லமை நமக்கு இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்திலேயே அதைத் தொடங்கலாம்.