மூணே நாள்ல கலர் ஏறும்: முடி, தோல், நகம், அப்புறம் ஒரு ட்யூப்

இன்னைக்கு எபிசோட் முடி, தோல், நகம் மூணையும் வீட்டிலேயே எப்படிப் பார்த்துக்கிறதுன்னு. "கோடு எழுதுறவனுக்கு எதுக்குடா இந்த வேலை?"ன்னு கேட்பீங்க. பசங்களும் "இது பொண்ணுங்க டாபிக்"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. இந்தக் கதையில வர்ற முட்டாள் ஒரு பையன்தான். வேற யாரு, நான்தான்.

போன வாரம் ஆபீஸ் கால்ல இருக்கும்போது சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. மதுரையில காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. போட்டோவுல ஒரு சின்ன ட்யூப். கீழே, "அண்ணா, இது நல்ல கிரீமா? ரெண்டு வாரமா போடறேன். சூப்பரா கலர் ஏறியிருக்கு." அதுக்கப்புறம் அந்தக் கால்ல யார் என்ன பேசினாங்கன்னே என் காதுல விழலை. ஏன்னா அதே மாதிரி ட்யூப் ஒண்ணு ஏழு வருஷத்துக்கு முன்னாடி என் ஹாஸ்டல் ரூம் ஜன்னல்ல இருந்துச்சு.

அப்போ இன்ஜினியரிங் ஃபைனல் இயர். கேம்பஸ் இன்டர்வியூ நேரம். வெயில்ல கிரிக்கெட் ஆடி முகமெல்லாம் கருத்து, கூடவே பரு வேற. ரூம்மேட் ஒரு ட்யூபை நீட்டினான். "மச்சான், நைட் தடவிட்டுப் படு. மூணே நாள்ல கலர் ஏறும்." அடுத்த ட்யூபை நானே வாங்கினேன். மெடிக்கல் ஷாப்ல சீட்டு எதுவும் கேட்கலை. அவன் சொன்ன மாதிரியே மூணு நாள்ல வித்தியாசம் தெரிஞ்சுது. பரு அடங்கிடுச்சு, முகம் பளிச்னு ஆச்சு. ஊருக்குப் போனா அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "ஹாஸ்டல் தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சுடா"ன்னாங்க. அஞ்சு மாசம் போட்டேன்.

வேலை கிடைச்சு சென்னை வந்ததும் ட்யூப் தீர்ந்துபோச்சு. வாங்க மறந்துட்டேன். நாலாவது நாள் முகம் எரிய ஆரம்பிச்சுது. சிவந்து, பொரிப்பொரியா கிளம்பிடுச்சு. ஓஎம்ஆர்ல பைக்ல போனா வெயில் பட்ட இடமெல்லாம் மிளகாய் அரைச்சுத் தடவின மாதிரி இருக்கும். பயந்துபோய் மறுபடியும் வாங்கித் தடவினேன். உடனே அடங்கிடுச்சு. நிறுத்தினா எரியும், தடவினா அடங்கும். இப்படியே இன்னும் மூணு மாசம் ஓட்டினேன். கன்னத்துல மெல்லிசா சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பிச்சப்புறம்தான் ஒரு அரசு மருத்துவமனையில, தோல் பிரிவு ஓபி வரிசையில போய் நின்னேன்.

டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இதை உனக்கு யாருப்பா எழுதிக் குடுத்தது?" ரூம்மேட்னு சொல்ல வாய் வரலை.

அந்தக் கிரீம்ல இருந்தது மூணு மருந்து: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், கூடவே மொமெட்டசோன்ங்கிற ஸ்டீராய்டு. முகத்துல மங்கு விழுந்தவங்களுக்கு, டாக்டர் கண்காணிப்புல, சில வாரங்களுக்கு மட்டும் குடுக்கற மாதிரியான மருந்து. ஸ்டீராய்டு தோலோட ரத்தக்குழாயைச் சுருக்கும், வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். மூணு நாள் மேஜிக்ல பெரிய பங்கு அதுக்குத்தான். தொடர்ந்து முகத்துல போட்டா தோல் மெலியும், பரு கூடும், முடி வளரும், ரத்தக்குழாய் வெளியே தெரியும். நிறுத்தினதும் அதுவரைக்கும் அடக்கி வச்சதெல்லாம் ஒண்ணாத் திரும்பி வரும். இதுக்குத் தோல் டாக்டர்கள் தனிப் பேரே வச்சிருக்காங்க: 'டாப்பிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்'. தனிப் பேர் வைக்கிற அளவுக்கு நம்ம நாட்டுல கேஸ் வருதுன்னு அர்த்தம்.

2018-ல மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்கள் பலதையும் ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள்ள கொண்டுவந்துச்சு. அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. சட்டம் இருக்கு, கேட்டா கிரீமும் கிடைக்குது. அதனால நாமதான் படிக்கணும். ட்யூபைத் திருப்பிப் பாருங்க. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன்னு பொடி எழுத்துல ஏதாவது இருந்தா அது அழகு கிரீம் கிடையாது, மருந்து. ஷெட்யூல் ஹெச் எச்சரிக்கையும் அச்சடிச்சிருக்கும்.

மருந்து ட்யூப்ல உள்ளே என்ன இருக்குன்னாவது போட்டிருக்கும். ஊர் பேர் தெரியாத டப்பாவுல வர்ற 'வொயிட்டனிங்' கிரீம்ல அதுகூட இருக்காது. கேரளாவுல, மலப்புரம் மாவட்டத்துல, 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் கிட்னி வடிகட்டி பாதிக்கப்பட்டு வந்த 22 பேரைப் பத்தி டாக்டர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 15 பேருக்கு ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேர்ல 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவங்க. சந்தேகம் பாதரசத்து மேல. பாதரசம் மெலனின் உருவாகறதைத் தடுக்கும், அதனால நிறம் குறையும். ஆனா அது தோலோட நிக்காது, உள்ளே போய் கிட்னியில சேரும்.

சரி, பயமுறுத்தினது போதும். அந்த டாக்டரம்மா சொல்லிக் குடுத்த பாடத்துக்கு வர்றேன். "தோலோட வேலை கலர் காட்டறது இல்லப்பா, காவல் காக்கறது"ன்னாங்க. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாம, வெளியே இருக்கிற அழுக்கும் கிருமியும் உள்ளே வராம பார்த்துக்கிற மேலடுக்கு, முகத்துல ஒரு தலைமுடியோட தடிமனைவிட மெல்லிசு. அதைக் கெடுக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

இப்போ வீட்டு வைத்தியத்தை அந்தக் கண்ணோட பாருங்க. எலுமிச்சைச் சாறோட பிஹெச் சுமார் 2. தோலோட பிஹெச் சுமார் 5. பிஹெச்ல ஒரு எண் இறங்கினா அமிலம் 10 மடங்கு. அப்போ மூணு எண்ணுக்கு 1,000 மடங்கு. அதோட, எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளம் வந்து, கருப்புத் தழும்பு மாசக்கணக்குல நிக்கும். கருப்பு போகணும்னு தடவினது கருப்பாக்கிட்டுப் போகும். சமையல் சோடா எதிர்ப்பக்கம், அதுவும் தோலுக்கு ஆகாது. கடலை மாவு, பாசிப்பயறு மாவு பிடிக்கும்னா போடுங்க. நல்லாக் காயவிட்டுச் சுரண்டி மட்டும் எடுக்காதீங்க, ஈரத்தோட கழுவிடுங்க.

தினமும் வேண்டியது மூணுதான். மென்மையான ஒரு ஃபேஸ்வாஷ், ரெண்டு வேளை போதும். முகத்துல ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். பகல்ல எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன். எஸ்பிஎஃப் 30 புற ஊதா பி கதிர்ல சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. அதனால நம்பருக்குக் காசு குடுக்கறதைவிட, போடற அளவைப் பாருங்க. ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டோட நீளத்துக்கும் பிதுக்கினா முகத்துக்கும் கழுத்துக்கும் சரியா இருக்கும். வெளியில சுத்தினா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடணும்.

புதுசா எது வாங்கினாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான். நம்ம வேலையில ஒரே நாள்ல பத்து மாற்றத்தை ரிலீஸ் பண்ணிட்டு எது உடைச்சுதுன்னு தேடினா எப்படி இருக்கும்? அதேதான் இங்கேயும். முதல்ல முழங்கை மடிப்புல சில நாள் தடவிப் பாருங்க. தோலோட மேல்பகுதி புதுப்பிக்கவே சுமார் நாலு வாரம் ஆகும். மூணு நாள்ல அற்புதம் நடந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

அடுத்து முடி. உயிர் இருக்கிறது வேர்ல மட்டும்தான். வெளியே தெரியற முடி இறந்த பொருள். அதுக்கு ஊட்டம் குடுக்க முடியாது, உடையாம பாதுகாக்கத்தான் முடியும். நுனி வெடிச்சா எந்த சீரமும் நிரந்தரமா ஒட்டாது, வெட்டத்தான் வேணும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி கொட்டறது சாதாரணம். டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல், பிரசவம், கடுமையான டயட், இதெல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்துக்கொத்தா கொட்டும். நாம அன்னைக்கு மாத்தின ஷாம்பு மேல பழி போடுவோம். பெரும்பாலும் அது தானாவே சரியாகும். ஆறு மாசம் தாண்டியும் நிக்கலைன்னா இரும்புச்சத்து, தைராய்டு டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

அம்மா தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 2003-ல வந்த ஒரு ஆய்வுல தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டாங்க. முடியிலிருந்து புரதம் இழக்கறதைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதுல இருக்கிற லாரிக் அமிலம் முடித் தண்டுக்குள்ள நுழையும். ஆய்வு பண்ணினவங்க தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனியைச் சேர்ந்தவங்கங்கிறதையும் சொல்லிடறேன். ஆனா கவனிங்க, இது முடி உடையாம காப்பாத்தற கதை. புதுசா முளைக்க வைக்கிற கதை கிடையாது. குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி முடி நீளத்துக்குத் தடவினா போதும். பொடுகு இருக்கிறவங்க ராத்திரி முழுக்க எண்ணெயை ஊற வைக்காதீங்க. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது விருந்து. கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தேய்ச்சு அஞ்சு நிமிஷம் விட்டு அலசுங்க.

மருதாணியில இருக்கிற லாசோன் தர்ற நிறம் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு. 'ஹெர்பல் மெஹந்தி'ன்னு பேர் போட்டு ஒரே தடவையில கன்னங்கரேல்னு ஆச்சுன்னா, உள்ளே பிபிடிங்கிற ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு அதுல தலையும் முகமும் வீங்கிடும். டை அடிக்கிறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னால ஒரு துளி தடவிப் பாருங்க. உங்க அப்பாவுக்கும் சொல்லுங்க.

கடைசியா நகம். கை நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு நகம் முழுசா மாற ஆறு மாசம். நகத்து அடியில இருக்கிற மெல்லிய தோலை, க்யூட்டிக்கிளை, பார்லர்லயும் சரி வீட்டுலயும் சரி வெட்ட விடாதீங்க. கிருமி நுழையாம அடைச்சு வச்சிருக்கிற சீல் அது. பாத்திரம் கழுவினா கையைத் துடைச்சுட்டு நகத்துலயும் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவுங்க. நகத்துல வர்ற வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் எங்கேயோ இடிச்சதோட அடையாளம், கால்சியம் குறைவு இல்ல. ஆனா ஒரே ஒரு நகத்துல புதுசா கருப்புக் கோடு வந்து அகலமாகிட்டே போனா, பாலிஷ் போட்டு மறைக்காம டாக்டரைப் பாருங்க.

இப்போ தங்கச்சி விஷயம். கால் முடிஞ்சதும் போன் பண்ணேன். "இன்னைக்கு எதுவும் பண்ணாத. நாளைக்கு சித்தியைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாரு. ட்யூபையும் கையில கொண்டு போ. எப்படி நிறுத்தணும்னு அவங்க சொல்லட்டும்"னு சொன்னேன். நீங்களும் இதைக் கேட்டுட்டு மாசக்கணக்கா போட்ட கிரீமை ஆவேசமா குப்பையில வீசிடாதீங்க. நிறுத்தற விதத்தை டாக்டர்தான் சொல்லணும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல தோல் பிரிவு ஓபி இருக்கு, பணம் கேட்க மாட்டாங்க.

அப்புறம் என் கதையை முழுசா அவகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டா. "அந்தப் பொங்கலுக்கு உன் முகமெல்லாம் செவந்து இருந்துச்சே. சென்னை பொல்யூஷன் அலர்ஜின்னு சொன்ன?"

"ஆமா, சொன்னேன்."

"பொய்யா?"

"ஆமா."

"அண்ணா, நீ அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா நான் இதை வாங்கியே இருக்க மாட்டேன்ல."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆம்பளப் பையன் கலர் ஏற கிரீம் போட்டான்னு சொல்ல வெட்கப்பட்டு ஏழு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கருப்பா இருக்கிறது குறைன்னு எனக்கும் யாரோ சொல்லித் தந்ததுதான். நான் வாயை மூடிக்கிட்டதால அதையே அவளுக்கும் சொல்லித் தந்திருக்கேன்.

அவளுக்கு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்ததால பெரிசா பாதிப்பு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நேத்து ஒரு செல்ஃபி அனுப்பினா. நெத்தியில ரெண்டு பரு, பழைய கலர், பழைய சிரிப்பு. "பழைய கோடுக்கு ரோல்பேக் பண்ணியாச்சு அண்ணா"ன்னு எழுதியிருந்தா. நான் பேசற பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கிச்சு.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு பாத்ரூம் அலமாரியில இருக்கிற ஒவ்வொரு ட்யூபையும் எடுத்துப் பின்னாடி படிங்க. உங்களுது, அம்மாவுது, தம்பியுது எல்லாம். ஏதாவது ஒண்ணு உங்க முகத்தை முன்னாடியே கெடுத்திருந்தா, அடுத்து யார் வாங்கப் போறாங்களோ அவங்ககிட்ட வெட்கப்படாம சொல்லிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.