சாவி திருப்ப ஒரு கைப்பிடி

முடக்குவாதம், பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்றவற்றால் கைவலு குறைந்தவர்களுக்குப் பூட்டைத் திறப்பதே பெரும்பாடு. சாவியின் தலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தால்தான் அது திரும்பும். அந்த இறுக்கம் அவர்களிடம் இல்லை.

இதற்குத் துணையாக, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் சாவியின் தலையில் பொருந்தும் ஒரு நீளக் கைப்பிடியை அச்சிடலாம். அடிப்படை நெம்புகோல் தத்துவம்தான். சுழலும் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிக் கொடுக்கும் விசையை 8 சென்டிமீட்டர் தள்ளிக் கொடுத்தால், எட்டில் ஒரு பங்கு போதும். விரல்நுனிகளுக்கு வேலையே இல்லை. உள்ளங்கையால் தள்ளினாலே பூட்டு திறக்கும்.

பயன்படுத்தப்போகிறவரின் கையை முதலில் அளப்பது மிக முக்கியம். பலருக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமன் வசதியாக இருக்கும்; ஆனால் விரல்கள் முழுதாக மடங்காதவருக்கு இன்னும் பருமன் தேவை. கணினிக் கோப்பில் அளவை மாற்றி மறுபடி அச்சிடலாம் என்பதே இம்முறையின் பெரும் பலம். கடைப்பொருளில் இது நடக்காது.

அச்சிடும்போது கைப்பிடியைப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். நிறுத்தி அச்சிட்டால், அடுக்குகளுக்கு இடையே பிளந்து ஒடியும். விளிம்புகள் உருண்டையாக இருக்கட்டும். மெலிந்த தோல் எளிதில் கீறிக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடுவதால், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கும் சாவிக்குப் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக்கே ஏற்றது.