தறி நிறுத்திக் கொடுத்த நேரம்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி, புனித செசிலியா திருநாளன்று பாடகர் குழுவினருக்கும் இளைஞர்களுக்கும் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இசைக் கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் இன்று. இந்த நாளில் ஞான உரை ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானோ கிட்டாரைப் பற்றியும், அதை வீட்டில் ஒலிப்பதிவு செய்வதைப் பற்றியும் பேசப் போகிறேன். சாமியாருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் நினைக்கலாம். கடைசி வரை பொறுமையோடு கேளுங்கள். இதில் என் பாவசங்கீர்த்தனமும் ஒன்று இருக்கிறது.

பொன்விழாவுக்காக நம் பாடல்களில் சிலவற்றைப் பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்தோம். உடனே இரண்டு கேள்விகள் எழுந்தன. பெரியவர்கள், “கோயில் பாட்டுக்குக் கிட்டார் எதற்கு? ஆர்மோனியம் போதாதா?” என்றார்கள். இளைஞர்கள், “சென்னைக்குப் போய் நல்ல ஸ்டூடியோவில் பதியாமல் ஆரணியில் வீட்டுக்குள் எப்படிப் பதிவது?” என்றார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே.

முதல் கேள்விக்குத் திருச்சபையே பதில் சொல்லியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சாசனத்தின் 120ஆம் எண்ணைப் பாருங்கள். குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பு தரும் அதே பத்தி, புனித வழிபாட்டுக்குப் பொருந்துகிற, ஆலயத்தின் மாண்புக்கு ஏற்ற மற்றக் கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. ஆக, எந்தக் கருவி என்பதைவிட அதை எப்படி வாசிக்கிறோம் என்பதே முக்கியம்.

கிட்டாருக்கும் பங்குக் கோயிலுக்கும் உள்ள உறவு சங்கத்துக்கும் முந்தியது. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்றொரு சிற்றூர். அங்கே உதவிக் குருவாக இருந்தவர் யோசேப்பு மோர். 1816இல் தாம் எழுதி வைத்திருந்த கவிதை ஒன்றை, 1818 டிசம்பர் 24 அன்று பிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து, இரண்டு குரலுக்கும் ஒரு கிட்டாருக்குமாக மெட்டமைத்துத் தரச் சொன்னார். அன்று இரவே மோர் கிட்டார் வாசிக்க, இருவரும் சேர்ந்து பாடினார்கள். அமைதியான இரவைப் பற்றிய அந்தப் பாட்டுத்தான் இன்று உலகம் முழுவதும் கிறிஸ்து பிறப்பு விழாவில் ஒலிக்கிறது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்ததோ 1877இல். அந்த முதல் இரவின் ஓசை யாருக்கும் கிடைக்கவில்லை. நமக்கு அந்த வசதி இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் குற்றம் நம்முடையது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீட்டில் பதிந்தது தரமாக இருக்குமா? அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தம் வாடகை வீட்டின் படுக்கையறையில் அமர்ந்து, நான்கு தடக் கேசட் கருவி ஒன்றில், கிட்டாரும் மவுத் ஆர்கனும் வைத்துச் சில பாடல்களைப் பதிந்தார். தம் குழுவினருக்கு மாதிரி காட்டத்தான் பதிந்தார். பிறகு குழுவோடு பெரிய ஸ்டூடியோவில் முயன்றும் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் வீட்டுக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் தம் வீட்டை ஒட்டியே ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் வந்த ‘ரோஜா’ அங்கே உருவானதுதான்.

நிற்க. இந்த நியாயங்களையெல்லாம் சொல்லி, நம் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் ஒரு தம்பியின் வீட்டிலேயே பதிவை வைத்துக்கொண்டோம். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. நெசவாளர் குடும்பம். முன்கூடத்தில் குழித்தறி, அதை அடுத்து ஒரு சிறிய அறை. பழைய மைக் ஒன்றும், அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுத்து ஒலியைக் கணினிக்கு அனுப்பும் சிறு பெட்டி ஒன்றும் தம்பி வாங்கி வைத்திருந்தார்.

ஐப்பசி மழை நாள். இரவு எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன நான் ஒன்பது மணிக்குப் போனேன். எனக்காகத் தம்பியின் தகப்பனார் எட்டு மணிக்கே தறியை நிறுத்திவிட்டிருந்தார். அடுத்த வீட்டிலும் தறி நின்றிருந்தது. அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. அந்த வீட்டம்மா வாசலில் நின்று, “பாட்டுதானே சாமி, நல்லாப் பதியுங்க” என்றார்.

பூந்தமல்லிக் குருமடத்தில் படித்த காலத்தில் நானும் கிட்டார் பழகியவன். அந்தப் பெருமையில், ஒரு பாட்டுக்கு நானே வாசிக்கிறேன் என்று என் பழைய கிட்டாரை எடுத்துப் போயிருந்தேன். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. சுருதி சேர்க்கவே அரை மணி நேரம். பாட்டைப் பயிற்சி செய்து வரவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டாம் சரணத்தில் தவறினேன். நடுவில் என் கைப்பேசி அடித்தது. குரலுக்கு உயரமாக இருக்கிறது என்று சுருதியை மாற்றினோம். பதினோரு மணிக்குக் கம்பி ஒன்று அறுந்தது. “சரி, இன்னொரு நாள் பார்ப்போம்” என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் தம்பியின் தாயார் வேறு ஏதோ பேச வந்தவர், பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். அந்தச் சேலையை முதலாளியிடம் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டுமாம். நாங்கள் போன பிறகு அவர் கணவர் குழியில் இறங்கி விடியற்காலை மூன்று மணி வரை நெய்தாராம். குறையாக அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று காபி இறங்கவில்லை.

சகோதரர்களே, பெரிய ஊர்களில் ஒலி புகாத அறைக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுப்பார்கள். நம் ஊரில் அப்படி அறை இல்லை. ஆனால் அமைதி இங்கே இலவசம் என்று நினைத்தேனே, அதுதான் என் குற்றம். நாடா ஓடினால்தான் உலை கொதிக்கும் ஊர் இது. இங்கே ஒரு மணி நேர அமைதி வேண்டுமென்றால் யாரோ ஒருவர் தம் கூலியை நிறுத்தி வைக்கிறார். அதை வாங்கிக்கொண்டு நான் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் தம்பியும் நானும் உட்கார்ந்து, அமைதி தேவைப்படாத வேலைகள் எவை, தேவைப்படும் வேலைகள் எவை என்று பிரித்து எழுதினோம். உங்களில் பலரும் இனி வீட்டில் பதியப் போகிறவர்கள். எனவே நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

தறி ஓடும்போதே செய்து முடிக்க வேண்டியவை பல. கம்பிகளை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். புதுக் கம்பி இழுபட்டு நிலைக்க ஒரு நாளாவது ஆகும், அதுவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். பாட்டின் சுருதியையும் வேகத்தையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். தவறாமல் மூன்று முறை தொடர்ந்து வாசிக்க வரும் வரை மைக்கைத் தொடக்கூடாது.

அறையையும் பகலிலேயே ஆயத்தம் செய்யலாம். சிமெண்டுத் தரையும் பூச்சுச் சுவரும் ஓசையைத் திருப்பி அடிக்கும். பட்டு நகரமாயிற்றே, பட்டுத் துணியைத் தொங்கவிட்டால் போதுமே என்று நான் கேட்டேன். தம்பி சிரித்தார். மெல்லிய துணி ஓசையை அதிகம் உறிஞ்சாது. தடித்த பஞ்சு மெத்தையும், ஜமுக்காளமும், மடித்து அடுக்கிய போர்வையும்தான் அந்த வேலையைச் செய்யும். மெத்தையைச் சுவரை ஒட்டிச் சாய்த்தோம், எதிரொலி அடங்கியது. ஆனால் தடித்த கம்பியை மீட்டும்போதெல்லாம் எங்கோ ஒரு கிர்ரென்ற ஓசை. தேடிப் பார்த்தால், சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்தின் கண்ணாடி! காகிதத்தை மடித்துச் சட்டத்தின் பின்னால் செருகியதும் நின்றது.

மைக்கை எங்கே வைப்பது? ஓசை வருவது கிட்டாரின் வட்டத் துளையிலிருந்துதானே என்று நாங்கள் முதல் நாள் அதன் நேர் எதிரே வைத்தோம். அது தவறு. கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று நொடிக்குச் சுமார் 100 அதிர்வுகளில் தானே முழங்கும் இயல்புடையது. துளைக்கு நேரே வைத்த மைக் அந்த முழக்கத்தை அள்ளிக்கொண்டு, மெல்லிய கம்பிகளின் இனிமையை மூடிவிடும். தண்டும் பெட்டியும் சேருமிடத்தை, அதாவது பன்னிரண்டாம் கட்டையின் பக்கத்தை நோக்கி, ஒன்று முதல் ஒன்றரைச் சாண் தொலைவில் வையுங்கள். இன்னும் நெருங்கினால் மறுபடியும் முழக்கம் கூடும்; விலகினால் தெருவின் ஓசை கூடும். முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் வகை மைக்காக இருந்தால், அதன் முதுகு தெருக் கதவைப் பார்க்கட்டும்.

ஒலியின் அளவைக் கூட்டி வைக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. மிக உரத்த இடத்திலும் அளவுமானி உச்சிக்கு 10, 12 டெசிபல் கீழே நிற்க வேண்டும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சியில் முட்டிச் சிதைந்ததை நேராக்குவது பெரும்பாடு. மைக் இல்லாதவர்கள் கைப்பேசியிலேயே பதியலாம். மேசைமேல் கிடத்தாமல், மடித்த துணியின்மேல் நிறுத்தி வையுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் மற்றவர்களிடம் அமைதி கேட்க வேண்டும். மின்விசிறி, குளிர்பெட்டி, கைப்பேசி மூன்றையும் நிறுத்திவிட்டு, வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் கண்களை மூடிக் கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தவளைச் சத்தமும், இரண்டு தெரு தள்ளி ஓடிய அரிசி ஆலையும், என் மூச்சும் கேட்டன. எலியா இறைவாக்கினர் ஆண்டவரைப் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் காணாமல், மெல்லிய ஓசையில் கண்டுகொண்டதை முதலாம் அரசர்கள் நூலில் படிக்கிறோம். பல ஆண்டுகள் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்த அறையில்தான் அதற்காகக் காது கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாம் முறை போனபோது, தகப்பனாரிடமே முதலில் கேட்டோம்: எந்த நாள், எந்த நேரம் உங்களுக்கு வசதி? பாவு முடிந்து புதுப் பாவு பிணைக்கும் நாளைச் சொன்னார். அன்று எப்படியும் தறி ஓடாது. அடுத்த வீட்டிலும் கேட்டோம். அவர்கள் இரவுச் சாப்பாட்டு வேளையைக் கொடுத்தார்கள். இம்முறை என் கிட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். தம்பியே எல்லாவற்றையும் வாசித்தார். நாற்பது நிமிடத்தில் மூன்று பாடல்கள் முடிந்தன. கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்கும் வரை யாரும் அசையவில்லை. தம்பி தலையசைத்ததும், தகப்பனார் பக்கத்து வீட்டுச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். உடனே அங்கே தறி ஓடத் தொடங்கியது. எனக்கு அந்த ஓசை நம் கோயில் மணி போலக் கேட்டது.

இன்னும் இரண்டே வார்த்தைகள். பதிந்ததைக் காப்பாற்றுங்கள். கேசட் என்பது பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த பொருள். சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், தவக்காலப் பாடல்களைப் பாடிய ஒரு பாட்டியின் குரலைக் கேசட்டில் பதிந்து அலமாரியில் வைத்தேன். பத்து ஆண்டு கழித்து எடுத்தபோது பூஞ்சை பிடித்திருந்தது. பாட்டியும் இல்லை, பாட்டும் இல்லை. எனவே மூல ஒலிக்கோப்பை மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும். பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், பதிந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பிறர் இயற்றிய பாட்டானால் அனுமதி கேட்டே வெளியிடுங்கள்.

அந்தக் குறிப்பில் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: இந்தப் பதிவுக்காகத் தறியை நிறுத்தியவர்கள் யார் யார் என்று. பாடியவர் பெயரும் வாசித்தவர் பெயரும் மேடையில் கேட்கும். அமைதி கொடுத்தவர் பெயர் எங்கும் கேட்பதில்லை. அடுத்த வீட்டாரின் கோயில் திருவிழா வரும்போதும், அவர்கள் வீட்டில் நோயாளி படுத்திருக்கும்போதும், நம் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைத்து அந்தக் கடனை நாம் திருப்பிச் செலுத்த வேண்டும். இதைப் பங்குப் பேரவையிலும் சொல்லிவிட்டேன்.

திருமணப் பந்தலில் வாத்தியங்கள் முழங்கிய வேளையிலும் புனித செசிலியா தம் உள்ளத்துக்குள் ஆண்டவருக்குப் பாடினார் என்பது திருச்சபையின் மரபு. நம் பாடகர் குழுவும் முதலில் உள்ளத்தில் பாடட்டும். பிறகு கம்பியை மீட்டட்டும். பொன்விழாக் காணும் நம் பங்கையும், நம் இல்லங்களையும், நம் தறிகளையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.