கரையிலேயே நிற்கும் பிள்ளைகள்

(பாம்பன் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொல்லர் தெருவிலே ஊசி விற்க வந்தவனைப்போல, பாம்பனுக்கு வந்து கடலைப் பற்றிப் பேச நிற்கிறேன். வடகடல், தென்கடல் என இரு கடல்களை இரு தோளிலும் தாங்கி நிற்கும் ஊர் இது. கச்சான் வீசித் தென்கடல் சீறும்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்து வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் பெரும்பாலும் பணிந்து நிற்கும். இதை எனக்குக் கற்பித்தவர்களே நீங்கள்தாம். ஆகவே, கடலைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. கடலுக்குப் போகாத சிலரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

யார் அவர்கள்? உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கால் சூம்பிய காரணத்தால், அண்ணனும் தம்பியும் படகேறிப் போகும்போது, கரையிலே அமர்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருக்கிறானே, அந்தப் பிள்ளை. கண்ணொளி இல்லாவிடினும், கூடையிலே கைவிட்டு, இது விளமீன், இது பாறை, இது முரல் என்று பெயர் சொல்லுகிறாளே, அந்தப் பெண்குழந்தை. அவர்கள் மட்டுமா? முதுகுளத்தூர்ப் பக்கம், கமுதிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏறக்குறைய 237 கிலோமீட்டர்க் கடற்கரை கொண்ட மாவட்டம் இது. தமிழ்நாட்டுக் கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நம்முடையது. ஆயினும், சீமைக் கருவேலங்காட்டின் நடுவே விறகு வெட்டியும் கரிமூட்டம் போட்டும் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கடல் என்பது பள்ளிச் சுவரிலே தொங்கும் படத்தின் நீலநிறம்! ‘எத்தனை முறை கடல் பார்த்திருக்கிறாய்?’ என்று அங்கே ஒரு சிறுவனைக் கேட்டேன். ‘பஸ்ஸுலேருந்தா, இறங்கியா?’ என்று திருப்பிக் கேட்டான் அவன். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இந்தப் பிள்ளைகளை, ஆண்டுக்கு ஒருமுறையேனும், அரசின் செலவிலே படகேற்றி, கையிலே தூண்டில் கொடுத்து, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலே கடலில் வைத்திருந்து, மாலையில் மீனோடு வீடு சேர்க்கவேண்டும். அதற்கென வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கவேண்டும். நான் கேட்பது இவ்வளவே.

கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. கஞ்சிக்கே தாளம் போடும் குடும்பத்துக்குக் கடலுலா ஒரு கேடா என்கிறார்கள். 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர முடிவெடுத்தது. தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. அந்த அணாவுக்கும் கணக்குப் பார்த்து, 1925இல் அதை நிறுத்திவைத்தது அன்றைய அரசாங்கம். பிறகு 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவுத் திட்டம் என்று வளர்ந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். தருமமாக இருந்த சோறு, திட்டமாக மாறிய பிறகே, எந்த அதிகாரியாலும் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த இயலாததாயிற்று. பிள்ளைக்கு வயிறு மட்டுமா இருக்கிறது, தோழர்களே?

சிரிப்பவர்களுக்கு விடை சொல்வது எளிது. ஆனால், சிரிக்காமல் கேட்டவர் ஒருவர் உண்டு. அவருக்கு விடை சொல்வது எளிதன்று. தங்கச்சிமடத்திலே ஒரு தாய் என்னைக் கேட்டார்: ‘என் மகன் மீன்பிடிக்கப் போய் எல்லை தாண்டினான் என்று சிறையிலே கிடந்து வந்தான், தம்பி. படகு போச்சு. எங்களுக்குக் கடல் வயிற்றுப்பாடு. நீங்கள் அதிலே உல்லாசம் தேடுகிறீர்களா?’

அந்தத் தாயின் முன்னே நான் தலைகுனிந்து நின்றேன். எல்லைச் சிக்கல் தனியொரு கூட்டத்துக்குரிய பொருள்; அதை இங்கே அரைகுறையாகத் தொடமாட்டேன். ஆனால் அம்மா, கடலை உல்லாசமாகக் காண்பவரின் கையிலே இந்தப் பயணத்தை ஒப்படைக்கச் சொல்லவில்லை நான். உங்கள் கையிலே ஒப்படைக்கச் சொல்கிறேன். படகு உங்களுடையது, கூலி உங்களுக்கு, ஆசிரியர் உங்கள் மகன்.

அமெரிக்காவிலே 1950ஆம் ஆண்டு டிங்கெல்–ஜான்சன் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். பொழுதுபோக்காக மீன்பிடிப்போர் வாங்கும் தூண்டிற்கழி முதலியவற்றின் மீது விதித்த வரி மீன்வளப் பணிகளுக்கென மாநிலங்களுக்குப் போய்ச் சேரும். 1984இல் அதைத் திருத்தி, நீர்வளத்தைப் பற்றி மக்களுக்குக் கற்பிக்கவும், படகுத்துறை அமைக்கவும் அதிலிருந்து செலவிட வழிசெய்தார்கள். அங்கே தூண்டில் பொழுதுபோக்கு, இங்கே தொழிற்கருவி. தூண்டிலுக்கு வரி போடும் வழி நமக்கு ஆகாது. பொழுதுபோக்குக்கே பொதுப்பணம் ஒதுக்கலாம் என்ற துணிவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். சட்டநூலை வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 29ஆம் பிரிவு, பிறருக்குச் சமமாகப் பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ளும் உரிமையை வளர்ப்பதும் காப்பதும் அரசின் கடமை, உள்ளாட்சியின் கடமை என்கிறது. திறந்தவெளி முகாம், தீரச்செயல் ஆகியவற்றில் பங்கேற்க வழிசெய்வதையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அதற்கு முன்பே, 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, ஊனமுற்ற குழந்தைக்கு மற்றக் குழந்தைகளோடு சமமாக விளையாடும் வாய்ப்பைத் தரச் சொல்லுகிறது. ‘தந்தால் நல்லது’ என்ற நயவுரை இல்லை அங்கே. தரவேண்டும்!

சரி, ‘பார்வையற்ற பிள்ளை கடலிலே என்ன செய்யும்?’ என்று கேட்கிறார்கள், கடலுக்குப் போகாதவர்கள். நீங்கள் சொல்லுங்கள் அவர்களுக்கு! கைத்தூண்டிலுக்குக் கழி ஏது? நைலான் நரம்பு, நுனியிலே ஈயக்குண்டு, முள்ளிலே கணவாய்த் துண்டு. நரம்பு ஆட்காட்டி விரலின்மீது ஓடுகிறது. அடியிலே கல் உரசுகிறதா, பாசியிலே சிக்கிற்றா, மீன் முகர்கிறதா, கவ்வுகிறதா என்பதைச் சொல்வது கண் அல்ல, விரல். நள்ளிருட்டிலே தூண்டில் போட்டு அமர்ந்திருக்கும் நீங்கள் எதைப் பார்த்து இழுக்கிறீர்கள்? அந்த நேரத்தில், படகிலுள்ள அனைவரும் அந்தப் பெண்குழந்தைக்குச் சமம். ஒருகால் அவள் உங்களினும் மேல்.

காது கேளாத பிள்ளையோ? இயந்திரத்தின் இரைச்சலும் காற்றின் ஊளையும் சேர்ந்த பிறகு, படகிலே யார் பேச்சு யாருக்குக் கேட்கிறது? கையைக் காட்டித்தானே காரியம் நடத்துகிறீர்கள்! கால் வழங்காத பிள்ளையை எண்ணுங்கள். வல்லத்திலே எல்லாரும் உட்கார்ந்துதானே தூண்டில் விடுகிறார்கள்? வேலை தோளுக்கும் கைக்கும். நாளெல்லாம் ஊன்றுகோலிலே உடலைத் தூக்கித் தூக்கித் தோள் உரமேறியவன் அவன். அறிவு வளர்ச்சி மெதுவாக வரும் பிள்ளைக்கு வேண்டியது, பக்கத்திலே அவசரமில்லாத ஓர் ஆள். மீனுக்காகக் காத்திருப்பவனைவிட அவசரமில்லாதவன் உலகத்தில் எவன்?

ஆகவே, கடல் இவர்களைத் தடுக்கவில்லை. தடுப்பது கரை! சக்கர நாற்காலி புதையும் மணல். படகுக்கும் தரைக்கும் இடையிலுள்ள முழங்கால் தண்ணீர். பிடித்து இறங்கக் கம்பியில்லாத படகுத்துறை. ஐம்பதடி தூரம்! அந்த ஐம்பதடிக்குத்தான் பணம் கேட்கிறேன்.

முடியுமா என்போர்க்குச் சென்னை மெரினாவைக் காட்டுகிறேன். மாற்றுத்திறனாளிகள் அலைவரை செல்ல ஒரு வழி வேண்டுமெனக் கேட்டார்கள், கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டித் தற்காலிகப் பாதை போடுவதும், சில நாளில் பிரித்தெடுப்பதுமாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் கடல் திறந்திருக்கும், மற்ற நாள் மூடியிருக்கும்! கடைசியில், 2022 நவம்பர் 27 அன்று நிலையான மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1 கோடியே 14 இலட்சம். சக்கர நாற்காலியிலே போய், வாழ்விலே முதன்முறையாகக் காலில் அலைபட்டவர்கள் அழுதார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்தருகே கரை கடந்தது மாண்டஸ் புயல். பாதையின் கடலோரப் பகுதி சிதைந்தது. ‘கோடி ரூபாய் கடலுக்குள்’ என்று எள்ளி நகையாடினர் சிலர். மாநகராட்சி என்ன செய்தது? செப்பனிட்டது, மீண்டும் திறந்தது. செப்பனிட்டே ஆகவேண்டியிருந்தது, ஏனெனில் அது மாநகராட்சியின் சொத்து. இடிந்தால் கேட்க ஆளுண்டு, எழுத ஏடுண்டு, சட்டமன்றத்திலே கேள்வியுண்டு.

அதே பாதையை ஒரு செல்வர் தம் பிறந்தநாளுக்காகப் போட்டிருந்தால்? அவர் மனத்தைக் குறைசொல்லமாட்டேன். மனம் நல்ல மனந்தான். புயலுக்குப் பிறகு அவர் வீட்டுக் கதவை எந்த உரிமையோடு தட்டுவது? தருமம் அடுத்த ஆண்டு வருமா என்று பிள்ளை வாசலைப் பார்த்து நிற்கவேண்டும். வந்தாலும், கையிலே பொருளைக் கொடுத்து, ‘இப்படித் திரும்பு, சிரி’ என்று படமெடுப்பார்கள். நான் கேட்கும் படகிலே அந்தப் படப்பெட்டிக்கு இடமில்லை.

நாடகம் எழுதுபவன் நான். இந்தக் கோரிக்கை அலுவலகங்களுக்குப் போனால் நடக்கும் காட்சியை இப்போதே எழுதிவிடுவேன். மீன்வளத்துறை சொல்லும்: ‘படகு எங்களது, பிள்ளைகள் எங்களதல்ல.’ பள்ளிக் கல்வித்துறை: ‘பிள்ளைகள் எங்களவர், கடல் எங்களதல்ல.’ 2010இல் தனித்துறையாகப் பிறந்த மாற்றுத்திறனாளிகள் நலத்துறை: ‘மூன்று சக்கர வண்டி தருவோம், படகு தலைப்பிலே இல்லை.’ கோப்பு மட்டும் மூன்று மேசைக்கும் உலா போய்வரும்! அதனால்தான், ஒரே தலைப்பு, ஒரே பொறுப்பாளர், ஒதுக்கிய பணம் என்று கேட்கிறோம்.

காலமும் கைகூடி நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலே கட்டிக் கிடக்கும். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. இரண்டு மாதத்துக்கு அது எம்மட்டு என்பதை உங்கள் அடுப்பு அறியும். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான். தென்கடல் முரண்டினாலும் வடகடல் இணங்கியிருக்கும் பருவம். வேலையின்றி இருக்கும் கைகளுக்குக் கூலி கொடுத்து, தடைக்கு உட்படாத நாட்டுப்படகிலே பிள்ளைக்கொருவராகத் துணையமர்த்தினால் என்ன? 1986இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளின் பக்கம் போகவேண்டாம். அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. காரங்காட்டிலே வனத்துறையும் ஊராரும் சேர்ந்து, அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்களே! அரசும் ஊரும் கூடினால் நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆபத்து என்பார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த மண்ணுக்குக் கடலின் கோபத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிதவைச் சட்டை, வானிலை பார்த்துப் புறப்பாடு, மண்டபம் கடலோரக் காவல்படைக்கு முன்னறிவிப்பு என இவற்றுக்கெல்லாம் செலவுண்டு. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி; நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. படகுத்துறைக்குச் சரிவுப்பாதை அமைக்க அதிலே இடமுண்டு. ஆண்டுதோறும் படகு போகும் செலவு மட்டும் மாநில வரவு செலவுத் திட்டத்திலேயே வரவேண்டும். உறுப்பினர் மாறினால் நின்றுபோகும் பணத்தை நம்பக்கூடாது.

திங்கட்கிழமை, இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்திலே குறைதீர்க்கும் நாள். மனு எழுதி வைத்திருக்கிறோம். கிளைச் செயலாளர்கள் தத்தம் ஊரிலுள்ள இத்தகைய பிள்ளைகளின் எண்ணிக்கையையும், படகுத்துறையிலிருந்து படகுவரை எத்தனை அடி என்பதையும் அளந்தெழுதி, ஞாயிறு மாலைக்குள் தந்துவிட வேண்டும். பிள்ளைகளைக் காட்சிக்கு அழைத்து வரவேண்டாம். வர விரும்புகிறவர் வரட்டும், பேச விரும்பினால் அவர்களே பேசட்டும். காலை பத்து மணிக்கு வாயிலில் நிற்போம்.