வெயில் அடிக்கும்போது வரும் வெள்ளம்

(காவிரிக் கரையோர ஊர்களைச் சேர்ந்த முதல்நிலை மீட்பாளர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படகு, கயிறு, உயிர்காப்பு மிதவை பற்றியெல்லாம் தீயணைப்புத் துறை நண்பர்கள் உங்களுக்குச் செய்து காட்டுவாங்க. நான் பேசப் போவது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. தண்ணீர் வாசலுக்கு வருவதற்கு முன்னால் நம்ம கையில் இருக்கிற அந்த ஒரு நாள், ஒன்றரை நாள் நேரத்தைப் பற்றி.

காவிரி வெள்ளத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பெரும்பாலும் ஆடி மாதத்தில், நம்ம ஊரில் வெயில் அடிக்கும்போதுதான் அது வரும். மழை பெய்வது குடகு மலையிலும் வயநாட்டிலும். குடகு மழை கிருஷ்ணராஜசாகர் அணைக்கும், வயநாட்டு மழை கபினி அணைக்கும் போகிறது. அவை இரண்டும் நிரம்பினால் தண்ணீர் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வரும். இங்கே பவானியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஒரு சொட்டு மழை இருக்காது. அதனால்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னால், "வானத்தைப் பாருங்க சார், எங்கே மழை?" என்று கேட்கிறாங்க. அவங்க கேட்பதில் தப்பில்லை. வானத்தைப் பார்த்து முடிவு செய்வது நம்ம பழக்கம். ஆனால் காவிரிக் கரையில் அந்தப் பழக்கம் மட்டும் போதாது.

இரண்டாவது, அணை நீர்மட்டம். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. "இன்னைக்கு 100 அடிதான், இன்னும் 20 அடி இருக்கே" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீங்க. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 1 லட்சம் கன அடி வந்தால், ஒரு நாளில் சேரும் தண்ணீர் 8.64 டி.எம்.சி. ஒன்றரை லட்சம் கன அடி என்றால் ஏறக்குறைய 13 டி.எம்.சி. 100 அடியில் அணையில் இருப்பது சுமார் 65 டி.எம்.சி. மீதி இடம் 28 டி.எம்.சி. அப்படியானால், ஒன்றரை லட்சம் கன அடி வரத்து இருந்தால் அந்த 20 அடி நிரம்ப இரண்டு நாளும் கொஞ்ச நேரமும்தான் ஆகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2024-ஐ நினைத்துப் பாருங்க. ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்குத் திறக்க அணையில் போதிய தண்ணீர் இல்லை. ஜூலை நடுவில்கூட நீர்மட்டம் 50 அடிக்குக் கீழேதான் இருந்தது. ஜூலை 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டுவிட்டது. தண்ணீர் வராதா என்று ஏங்கிய அதே மாதத்தில் கரையோர மக்களை முகாமுக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அணைக்கு மேலே பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்றிய நிலத்தில் பயிர் வைப்பவர்களுக்கும் இதே கதைதான். நந்தி சிலை வெளியே தெரிகிறதே என்று இருக்கும்போதே தண்ணீர் ஏறி வந்துவிடும்.

அதனால் நீர்மட்டத்தை மட்டும் பார்க்காதீங்க. நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று கேளுங்க. அணை நிரம்பிய பிறகு வரத்து எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவும் 16 கண் மதகு வழியாக வெளியேறித்தான் ஆக வேண்டும். "அணையைத் திறந்து எங்களை மூழ்கடிச்சுட்டாங்க" என்ற கோபம் ஒவ்வொரு முறையும் வருகிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழியும். அதைத் தடுக்க நம்மால் முடியாது. வழியப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். நமக்குக் கிடைத்திருக்கிற வாய்ப்பு அதுதான்.

இந்த வாய்ப்பு எல்லா ஆற்றுக்கும் கிடைப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பகுதியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அணைக்குக் கீழே, ஊர் மேலேயே கொட்டிய மழை அது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. அங்கே யோசிக்க நேரமில்லை. காவிரிக் கரைக்கு அந்த நேரம் இருக்கிறது. பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் மேட்டூரிலிருந்து கிடைப்பது மணிக்கணக்கு. முக்கொம்பில் ஆறு பிரிந்து, வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போகும். கடலோரம் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களுக்குக் கிடைப்பது நாள்கணக்கு. இருந்தும் கடைசி நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் முதியவர்களைத் தூக்கி வருகிறோமே, ஏன்?

என் பதில் இதுதான். அறிவிப்பு கன அடியில் வருகிறது. மக்கள் வாழ்வது தெருவில். "1 லட்சத்து 50 ஆயிரம் கன அடி" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், என் வீட்டுத் திண்ணைக்கு வருமா வராதா என்று ஒரு பாட்டிக்கு எப்படிப் புரியும்? 1 லட்சம் கன அடி என்றால், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 236, ஒவ்வொரு விநாடியும் கடந்து போவது போல. இப்படிச் சொன்னால் மலைப்பு வரும். ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்ப அதுவும் போதாது. "மாரியம்மன் கோயில் படி முழுகும், உங்க தெருவில் முழங்கால் வரும்" என்று சொல்லுங்க, உடனே மூட்டை கட்டுவாங்க.

ஆகவே இந்தப் பயிற்சி முடிந்து போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க ஊருக்கு ஒரு வெள்ள அட்டவணை எழுதுங்க. 2018, 2022, 2024 வெள்ளங்களைப் பார்த்தவங்க எல்லாத் தெருவிலும் இருக்காங்க. 2022 ஆகஸ்டில் வெளியேற்றம் 2 லட்சம் கன அடியைத் தாண்டியபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்க. சுவரில் கறை இருக்கும், காட்டச் சொல்லுங்க. எந்த அளவுக்குப் படித்துறை முழுகும், எந்த அளவுக்கு முதல் தெரு, எந்த அளவுக்குப் பாலத்தடியில் வழி அடைபடும் என்று வரிசையாக எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் நீர்வளத்துறைப் பொறியாளரிடமும் காட்டிச் சரிபாருங்க. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்க. கரையும் மணல்மேடும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்க.

அடுத்து, யார் ஏன் கிளம்ப மறுக்கிறாங்க என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் விசைத்தறியையும் பாவு நூலையும் விட்டுவிட்டு வர மனசு வராது. நூலை மேலே ஏற்ற, மின் இணைப்பைத் துண்டிக்க நாலு பேர் உதவிக்குப் போனால் அந்தக் குடும்பம் வரும். கொள்ளிடப் படுகையில் ஆடு மாடுதான் சொத்து. மாட்டுக்கு மேட்டில் இடமும் வைக்கோலும் காட்டாமல் மனுஷனை மட்டும் முகாமுக்குக் கூப்பிட்டால், ராத்திரியே திரும்பிப் போயிடுவாங்க. நடக்க முடியாதவங்க, கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவங்க பெயர்ப் பட்டியல் உங்க பையில் இருக்கட்டும். அவங்களை அறிவிப்பு வந்த பகலிலேயே அழைத்துப் போயிடுங்க.

குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்க. செல்போனில் படம் எடுத்து, வெளியூர் உறவினர் ஒருத்தருக்கும் அனுப்பட்டும். தவறிப்போனால் இ-சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பிக்க அந்த எண்கள் உதவும். வீடு சேதமானால், சுத்தம் செய்வதற்கு முன்னால் படம் எடுக்கணும். கணக்கெடுப்புக்கு வருபவரிடம் காட்ட அதுதான் சான்று. டி.என்.அலர்ட் செயலியைப் பதிவிறக்கிக் கொடுங்க. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த இரண்டு எண்ணும் கதவுக்குப் பின்னால் எழுதியிருக்கட்டும்.

இங்கே வந்திருக்கிற அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரி வெளியேற்றம் கூடும் என்று தெரிந்தால், அதை மாலை விளக்கு வைப்பதற்குள் சொல்லிடுங்க. கன அடியோடு தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்க. முகாம் எந்தப் பள்ளி, சாப்பாடு எத்தனை மணிக்கு, கழிப்பறையில் தண்ணீர் இருக்கா என்பதையும் சொல்லுங்க. போன முறை முகாமில் பட்ட அவதியை நினைத்துத்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுறாங்க.

ஆடிப்பெருக்கு நாம் கொண்டாடுகிற வெள்ளம்தான். 2022-லும் 2024-லும் அந்த நாளிலேயே ஆற்றில் இறங்கத் தடை போட வேண்டி வந்தது. இனி அந்த நாளில், முளைப்பாரியோடு பெண்கள் கிளம்பும் முன்பே, அன்றைய வெளியேற்றம் எவ்வளவு என்று தெருவில் ஒருத்தராவது பார்த்துச் சொல்லட்டும். அந்த ஒருத்தர் நீங்களாக இருங்க.