நுண்டுளைகளும் சூரிய மின்னும்



பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் நாம் சென்ற விடுமுறையில் செவ்வரத்தம் பூவைப் பிழிந்து மின்சாரம் எடுக்க முயன்றோம். மின் கடத்தும் கண்ணாடித் தகட்டிலே தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடியைப் பசையுடன் குழைத்துப் பூசி, பூச்சாற்றில் ஊறவைத்து, அயடீன் கரைசல் விட்டு வெயிலில் வைத்தோம். கல்வனோமானியின் முள் அசையவேயில்லை. பூச்சும் உரிந்து போயிற்று. சுடாமல் விட்டதே எமது பிழை. ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் சுட்டால்தான் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பசை எரிந்துபோக, அது இருந்த இடமெல்லாம் துளையாகும்.

அத்துளைகளிலேதான் சூட்சுமம் இருக்கின்றது. பொடியை ஒட்டியிருக்கும் ஒற்றைப்படைச் சாயமே தன் இலத்திரனை அதற்கு நன்கு கொடுக்க வல்லது. ஒப்பமான தகட்டில் அவ்வொற்றைப்படை, விழும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்குகூட உறிஞ்சாது. 1991இல் சுவிற்சலாந்தின் லோசான் நகரிலே மைக்கேல் கிரெட்சலும் பிரையன் ஓ'ரீகனும் ஏறத்தாழ 15 நனோமீற்றர்த் துணிக்கைகளால் 10 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள துளைப்படை ஒன்றை ஆக்கினர். ஒரு சதுர சதமமீற்றர் கண்ணாடியின்மேல் ஏறத்தாழ 780 சதுர சதமமீற்றர் உட்பரப்புக் கிடைத்தது. கலத்தின் திறன் நூற்றுக்கு 7ஐத் தாண்டிற்று.

அப்படியாயின் துளையை இன்னும் இன்னும் சிறிதாக்கலாமே என்பீர்கள். புட்டு அவிக்கும் எங்கள் தாய்மாரைக் கேளுங்கள். குழலில் மாவை அமுக்கினால் ஆவி ஏறுமா? சாயம் இழந்த இலத்திரனைத் திருப்பிக் கொடுக்கும் கரைசல் அத்துளைகளூடே போய்வர வேண்டும். துளையைப் பெரிதாக்கினாலோ பரப்புக் குறையும். ஆகவே நுண்படையின்மேல் 400 நனோமீற்றர் அளவான பெருந்துணிக்கைகளைப் பரப்புவர். தப்பியோடும் ஒளியை அவை சிதறடித்து உள்ளே திருப்பிவிடும்.

ஆய்வுகூட உலையில் சுட்ட எமது இரண்டாவது கலம் முள்ளை அசைத்தது. ஆனால் நான்கு நாளில் கரைசல் உலர்ந்துவிட்டது! உலகெங்கும் இக்கலத்தின் பெருங்குறை இதுவே. இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் எமது நாட்டவர் என்பதை நாம் பாடநூலில் படித்ததில்லை. கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தம் குழுவினரும் 1995இல் கரைசலை நீக்கி, திண்மமான செப்பு அயடைட்டைத் துளைகளில் நிரப்பிக் காட்டினர். அதன் பளிங்குகள் பருத்துவிட்டால் துளைக்குள் நுழையமாட்டா. பளிங்கு வளர்ச்சியை அடக்கும் உப்புகளைப் பின்னர் சேர்த்தனர்.

கூரைக்கு இது உதவுமா என்று பெரியவர் ஒருவர் சற்றுமுன் வினவினார். ஒளிக்காமற் சொல்வதாயின், இன்று உதவாது. சிலிக்கன் கலம் ஆய்வுகூடத்தில் நூற்றுக்கு 26ஐக் கடந்துவிட்டது. துளைச் சுவரில் இரு சாயங்களை நெருங்கி அமரச் செய்து லோசான் குழுவினர் 2022இல் வெளியிட்ட கலமோ 15ஐச் சற்றே தாண்டியது. ஆயினும் அறை வெளிச்சத்தில் அதே கலம் 28 முதல் 30 வரை தந்தது. கூரையைச் சிலிக்கனுக்கு விட்டுவிடுவோம். வாசிகசாலை மேசையில் விழும் விளக்கொளி இருக்கின்றது.

அடுத்த விடுமுறையில் செப்பு அயடைட்டுடன் மூன்றாவது கலம் செய்ய எண்ணியுள்ளோம். செவ்வரத்தம் பூ மிகுந்த வீட்டார் அறிவிப்பார்களாக.